தாய்க்காகக் கண் டாக்டர் ஆனவர்

ஆண்டாப் ஹில்லில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் தேசிய வீரராகப் போற்றும் ஜோஸ் ரிசாலும் அப்படித்தான் வளர்ந்தார். வீட்டில் தகலாக் மொழி. பள்ளியில், நாட்டை ஆண்டவர்களின் ஸ்பானிய மொழி.

1861-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி கலம்பா என்ற ஊரில் ரிசால் பிறந்தார். எழுத்து சொல்லிக் கொடுத்தவர் தாயார் தியோடரா. ரிசால் சிறுவனாக இருந்தபோது, பொய் வழக்கில் தாயாரைப் பிடித்துப் பல மைல் நடக்க வைத்து, இரண்டரை ஆண்டு சிறையில் அடைத்தார்கள். அது அவர் மனதில் ஆறாத புண் ஆனது.

பசியோடு எழுதிய நாவல்

1882-ல் கப்பல் ஏறி, கொழும்பு வழியாக ஸ்பெயின் சென்று டாக்டருக்குப் படித்தார். தாயாரின் பார்வை மங்கி வந்ததால் பாரிசிலும் ஜெர்மனியிலும் கண் மருத்துவம் கற்றார். பெர்லினில் கையில் காசில்லை. பசியோடு 'நோலி மே தாங்கெரே' நாவலை முடித்தார். நண்பர் ஒருவர் கடன் கொடுக்க, 1887-ல் 2 ஆயிரம் பிரதிகள் அச்சாயின. பாதிரிகளும் அதிகாரிகளும் செய்த கொடுமைகளைச் சொன்ன அந்த நாவலுக்கு அரசு தடை விதித்தது.

1892-ல், ஆபத்து என்று தெரிந்தே நாடு திரும்பினார். சில நாட்களில் அவரைத் தொலைவில் உள்ள தபிதானுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 4 ஆண்டுகள் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார். பள்ளி நடத்தினார். ஊருக்குக் குடிநீர் கொண்டு வந்தார். தாயாரின் கண்ணுக்கும் அவரே அறுவை சிகிச்சை செய்தார்.

சுட்டுக் கொன்றார்கள்

1896-ல் புரட்சி வெடித்தது. ஆயுதம் ஏந்த இன்னும் காலம் வரவில்லை என்பதே ரிசாலின் கருத்து. ஆனாலும் பழி அவர் மேல் விழுந்தது. டாக்டராகக் கியூபா புறப்பட்டவரை வழியிலேயே கைது செய்து, டிசம்பர் 30-ந் தேதி காலை மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கடைசிக் கவிதையை ஒரு சிறிய ஸ்பிரிட் அடுப்புக்குள் ஒளித்து, தங்கையிடம் சேர்த்திருந்தார்.

இரண்டு நாவல்களை ஸ்பானிய மொழியில் எழுதியவர், மூன்றாவதைத் தாய்மொழியில் தொடங்கினார். முடிக்கவில்லை. 1937-ல், அவரது நினைவு நாளான அதே டிசம்பர் 30 அன்று, தகலாக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழி அறிவிக்கப்பட்டது. பிலிப்பினோ என்பது அதன் இன்றைய பெயர்.

அவர் பெயர் தாங்கிய ரிசால் மாகாணத்தில் காயிந்தா என்று ஓர் ஊர். 1762-ல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கொண்டுபோன சிப்பாய்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர்க் கடைகளில் மாம்பழத்தின் பெயர் 'மங்கா'. மலாய் மொழி வழியாகப் போய்ச் சேர்ந்த நம் மாங்காய்தான் அது.