புதுக்கோட்டை ராஜாவின் மகன் ஏன் ராஜா ஆகவில்லை? சிட்னியில் பிறந்த வாரிசு, கை நழுவிய அரியணை

புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். அது சாதாரண அரசுக் கட்டடம் மாதிரி இருக்காது. பரந்த தோட்டம், கற்கட்டடம், உயரமான வாசல் என்று அரண்மனை போலவே இருக்கும். உண்மையிலேயே அது அரண்மனைதான். தொண்டைமான் மன்னர்களின் புது அரண்மனை.

ஆனால் அந்த அரண்மனையில் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை, அதன் வாசலைக் கூட உரிமையோடு மிதிக்கவில்லை. பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். பெயருக்கு நடுவே ஆஸ்திரேலிய நகரம் ஒன்று உட்கார்ந்திருப்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. மீதிக் கதை அவருடைய அப்பா, ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுடையது.

யார் இந்தத் தொண்டைமான்கள்?

திருப்பதிப் பக்கமிருந்து தெற்கே வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த கதை. கறம்பக்குடி, அம்புக்கோவில் பகுதியில் வேரூன்றிய கள்ளர் குலத் தலைவர்களாக இருந்தவர்கள், ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் காலத்தில் மேலே வந்தார்கள். சேதுபதி, ரகுநாத தொண்டைமானின் தங்கை காதலியை மணந்தார். மைத்துனருக்கு ஒரு நாடே சீதனம் மாதிரி கிடைத்தது. 1686-லிருந்து புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கணக்கு தொடங்குகிறது. ஆக, இந்த அரச வம்சத்தின் முதல் வரியிலேயே ஒரு கல்யாணம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டதும் ஒரு கல்யாணம்தான்.

நடுவில் வந்த மன்னர்கள் ஆங்கிலேயரோடு ஒட்டியே நின்றார்கள். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை என்ற பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. அந்தப் பக்கம் நின்றதற்குப் பலன் கிடைத்தது. இன்றைய தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் மற்ற பாளையங்களெல்லாம் கரைந்து ஜமீன்களாக மாறியபோது, 1,100 சதுர மைல் அளவுள்ள புதுக்கோட்டை மட்டும் தனி நாடாகவே தப்பியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழாநிலைக்கோட்டையைத் தொண்டைமானுக்குக் கொடுத்த கம்பெனி, பதிலுக்குக் கேட்ட கப்பம் ஆண்டுக்கு ஒரு யானை. அந்த யானையையும் வற்புறுத்தி வாங்கியதில்லை. பிறகு 1836-ல் வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு விசுவாசம் காட்டிய குடும்பத்துக்கு ஆங்கிலேயர் ஒரே ஒரு விஷயத்தில் இல்லை என்றார்கள். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மகள் வழியில் வந்த மன்னர்

மார்த்தாண்ட பைரவர் பிறந்தது 1875 நவம்பர் 27. அப்போது ஆண்டுகொண்டிருந்த ராமச்சந்திர தொண்டைமான் அவருக்கு அப்பா இல்லை, அம்மாவைப் பெற்ற தாத்தா. ராமச்சந்திரருக்குப் பின் அரியணைக்கு மகன் இல்லை. மூத்த மகளுக்கும் பல்லவராயர் குடும்பத்து மருமகனுக்கும் பிறந்த மூன்றாவது பேரனை 1877-ல் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

இதற்கு ஆங்கிலேய அரசு எந்த மறுப்பும் சொல்லவில்லை. டல்ஹவுசி காலத்தில் வாரிசு இல்லாத நாடுகளையெல்லாம் விழுங்கியவர்கள், 1857-க்குப் பிறகு பாடம் கற்று, சுவீகாரத்தை ஏற்போம் என்று சமஸ்தானங்களுக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள். புதுக்கோட்டைக்கும் 1862-ல் அந்தச் சாசனம் வந்துவிட்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் பிறக்காத பிள்ளைக்குப் பட்டம் உண்டு என்று ஒப்புக்கொண்ட அரசு, பிற்பாடு வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இல்லை என்றது.

1886 ஏப்ரலில் தாத்தா இறந்தார். பேரனுக்கு 10 வயது. ராஜ்யத்தை நடத்தியது திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-ல் புதுக்கோட்டைக்கு வந்த அ.சேஷய்யா சாஸ்திரி. ஊரின் குளங்களைத் தூர்வாரி, தெருக்களை ஒழுங்குபடுத்தி, அலுவலகங்கள் கட்டி, இன்றைய புதுக்கோட்டை நகரத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர். சமஸ்தானத்துக்கென்று இருந்த அம்மன் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்துமாக, இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாகி வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

சிறுவன் ராஜாவுக்குப் பாடம் சொன்னவர் கிராஸ்லி என்ற ஆங்கிலேயர். ஆங்கிலப் பேச்சு, ஆங்கில உடை, ஆங்கில விளையாட்டு என்று பழக்கினார்கள். நல்ல கனவான் ஆக்க வேண்டும் என்பதுதான் திட்டம். திட்டம் பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ராஜாவுக்கு ஐரோப்பாதான் சொந்த ஊர் மாதிரி ஆனது. மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பார். ஆட்சி திவான்களிடமும் சகோதரர் விஜய ரகுநாத துரைராஜாவிடமும் ஓடும். ராஜா ஊரில் இல்லை என்பது புதுக்கோட்டைக்குப் பழகிப்போன செய்தி.

முத்துலட்சுமிக்குத் திறந்த கதவு

அதற்காக அவரை வெறும் உல்லாசி என்று ஒதுக்கிவிட முடியாது. 1902-ல் குடிமக்களின் பிரதிநிதிகள் கூடிப் பேச ஒரு சபையை உருவாக்கினார். அதிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லாத சபைதான். ஆனால் அந்தக் காலத்துக்கு அது ஒரு தொடக்கம்.

இன்னொன்று, தமிழ்நாடே நன்றி சொல்ல வேண்டிய விஷயம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி என்ற பெண், 1904-ல் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். இன்றைய மாமன்னர் கல்லூரிதான் அது. அப்போது அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு எதிர்ப்பு; தாய் இசை வேளாளர் குலத்தவர் என்பதால் இன்னொரு எதிர்ப்பு. ராஜா இரண்டையும் கேட்கவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னார், உதவித்தொகையும் கொடுத்தார். அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டர் ஆனார். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி செய்ததெல்லாம் அந்த ஒரு அனுமதிக்குப் பிறகு நடந்தவை.

ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காத அந்தக் குணமே, அடுத்த பத்தாண்டில் அவருடைய சொந்த வாழ்க்கையிலும் வெளிப்பட்டது.

மெல்போர்ன் பெண், குடியேறிகளின் குடும்பம்

1915. ஐரோப்பா முதல் உலகப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ராஜா ஆஸ்திரேலியா போனார். அங்கே சந்தித்தார் மோலியை. முழுப்பெயர் எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க். 1894-ல் மெல்போர்னில் பிறந்தவர், வழக்கறிஞர் உல்ஃப் ஃபிங்க்கின் மகள்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு குடும்பத்தின் பூர்விகத்தைத் தேடினால், கடைசியில் ஏதோ ஒரு கப்பலில் போய் முட்டும். ஃபிங்க் குடும்பமும் அப்படித்தான். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள கெர்ன்சி என்ற சின்னத் தீவிலிருந்து, தங்கவேட்டையில் செழித்துக்கொண்டிருந்த விக்டோரியாவுக்கு வந்து கடை வைத்த யூத வம்சாவளிக் குடும்பம். அதில் தியோடர் ஃபிங்க் அரசியல்வாதியாகவும் பத்திரிகை நிறுவனத்தின் தலைவராகவும் வளர்ந்தார். பெஞ்சமின் ஃபிங்க் நிலம் வாங்கி விற்பதில் கொடிகட்டிப் பறந்தார். மெல்போர்னில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பிளாக் ஆர்கேட் என்ற அங்காடி, அவர் தலைமையில் இருந்த நிறுவனம் கட்டத் தொடங்கியது. 1890-களில் ரியல் எஸ்டேட் குமிழி வெடித்தபோது அவர் திவாலாகி விழுந்தார். ஒரே தலைமுறையில் ஏற்றமும் இறக்கமும் பார்த்த குடும்பம்.

1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். ராஜாவுக்கு 39 வயது, மோலிக்கு 20. சடங்கு இல்லை, மேளம் இல்லை. வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே குடியேற விடாத சட்டம் அமலில் இருந்த நாட்டில், ஒரு புதுக்கோட்டைக்காரர் மெல்போர்ன் பெண்ணை மணந்தார் என்றால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? பரபரப்பான செய்தியானது.

ஐந்தே மாதம்

மணமக்கள் அந்த ஆண்டே புதுக்கோட்டை வந்தார்கள். ராணிக்கு வரவேற்பு இருந்தது. ஆனால் ஆங்கிலேய அதிகாரிகள் அவரை ராணி என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ராஜாவுக்கு ஹிஸ் ஹைனஸ் பட்டம் உண்டு, மனைவிக்கு ஹெர் ஹைனஸ் கிடையாது. அரசு விருந்துகளில், விழாக்களில் இடம் கிடையாது. இங்கிலாந்தின் அரசர் 5-ஆம் ஜார்ஜும் இந்தத் திருமணத்தை விரும்பவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஆளும் இனம், ஆளப்படும் இனம் என்ற சுவரின் மேல்தான் அந்த ஆட்சியே நின்றது. இந்திய அரசர் ஒருவரின் அந்தப்புரத்தில் வெள்ளைக்காரப் பெண் இருந்தால் அந்தச் சுவரில் ஓட்டை விழும். அவர் பெற்ற பிள்ளை அரியணையில் உட்கார்ந்தால்? சுவரே இருக்காது. கபூர்தலா மகாராஜா 1908-ல் ஸ்பெயின் நாட்டு நடனப் பெண் அனிதா டெல்காடோவை மணந்தபோதும் இதே மறுப்புதான். ஆனால் கபூர்தலாவுக்கு வேறு ராணிகளும் மகன்களும் இருந்தார்கள். புதுக்கோட்டைக்கு வேறு ராணி இல்லை. அதனால்தான் இங்கே விஷயம் முற்றியது.

எதிர்ப்பு ஆங்கிலேயரிடமிருந்து மட்டும் வரவில்லை. உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வேற்று இனப் பெண்ணின் பிள்ளை பிரகதாம்பாள் தாசன் என்ற பட்டத்தோடு ஆள்வது உறுத்தியது. கோயில் மரியாதையும் குல மரியாதையும் பட்டத்தோடு பிணைந்த நாடு அது. மோலி கருவுற்ற நேரத்தில் அவருக்கு அரளி விஷம் வைக்கப்பட்டதாக அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரளி எங்கும் கிடைக்கும், கோயில் நந்தவனத்திலேயே பூக்கும்.

1916 ஏப்ரலில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். மோலி புதுக்கோட்டையில் இருந்தது ஏறத்தாழ ஐந்து மாதம். ஜூலை 22 அன்று சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் பெயரையும் பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி என்று வைத்தார்கள். 230 ஆண்டு வம்சத்தில் கடல் தாண்டிப் பிறந்த முதல் வாரிசு.

நாடா, பிள்ளையா?

ராஜாவுக்கு முன்னால் ஒரு எளிய வழி இருந்தது. ஊருக்குத் திரும்பி, உறவில் ஒரு பெண்ணை மணந்து, ஒரு வாரிசைப் பெற்றுவிட்டு, மோலியைத் தனியாக ஒரு மாளிகையில் வைத்திருக்கலாம். மற்ற சமஸ்தானங்களில் நடந்தது அதுதான். ஆங்கிலேயரும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. சிட்னியில் பந்தயக் குதிரைகள் வாங்கி ஓட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினார். போர் முடிந்தபின் குடும்பம் ஐரோப்பாவுக்குப் போய், பிரான்ஸின் கான் நகரில் வீடு வாங்கியது. இப்போது திரைப்பட விழா நடக்கிறதே, அதே கான்தான்.

மகனை வாரிசாக ஏற்கும்படி கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. கடைசியில் 1922-ல் துரைராஜா ரீஜண்டாகப் பொறுப்பேற்றார். ராஜாவுக்குப் பட்டமும் பணமும் இருக்கும், நாடு இருக்காது. இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயக் கேள்வியும் இருக்கிறது. காதலுக்காக நாட்டைவிட்டார் என்று சொல்வது அழகாகத்தான் இருக்கும். ஆனால் கானில் நடந்த வாழ்க்கைக்கான செலவு, மழை பொய்த்தால் கண்மாய் காய்ந்துபோகும் ஒரு சின்ன நாட்டின் வரிப்பணத்திலிருந்து போனது. அந்தக் குடியானவர்கள் இந்தக் கதையில் எங்கும் பேசப்படுவதில்லை.

1928 மே 28 அன்று பாரிஸில் ராஜா இறந்தார். வயது 52. உடல் புதுக்கோட்டைக்கு வரவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் தகனம் நடந்தது.

அப்போது சிட்னி தொண்டைமானுக்கு 12 வயது கூட முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 19-ல் புதுக்கோட்டையில் பட்டாபிஷேகம் நடந்தது. அரியணையில் உட்காரவைக்கப்பட்டது, அரச குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 6 வயதுச் சிறுவன் ராஜகோபால தொண்டைமான். இவரும் சுவீகாரப் பிள்ளைதான். இந்தூரின் துக்கோஜி ராவ் ஹோல்கர், அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த நான்சி மில்லரை மணந்ததும் இதே 1928-ல். அவர் முன்பே பட்டத்தைத் துறந்துவிட்டதால் அங்கே வாரிசுச் சிக்கல் வரவில்லை.

பிறகு என்ன ஆனார்கள்?

ராஜகோபால தொண்டைமான் 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. அரண்மனை ஆட்சியர் அலுவலகமானது. ராஜகோபாலர் திருமணமே செய்துகொள்ளாமல் 1997-ல் காலமானார்.

மோலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஐரோப்பிய நாகரிக வட்டாரத்தில் பெயர் தெரிந்த பெண்ணாக வாழ்ந்தார். புகழ்பெற்ற புகைப்படக்காரர் செசில் பீட்டன் அவரைப் படமெடுத்திருக்கிறார். 1967 நவம்பரில் கானில் இறந்தார். அவருடைய அஸ்தி கோல்டர்ஸ் கிரீனுக்கே, கணவர் இருந்த இடத்துக்கே போனது. மகன் சிட்னி 1984-ல் இறந்தார். அவர் பெயரில் இருந்த தொண்டைமான் என்ற சொல் மட்டும் கடைசிவரை மாறவில்லை.