வென்றதை மீண்டும் ஈந்த வேந்தர்

பாடலிபுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட குப்தர் குலத்தில், முதலாம் சந்திரகுப்தருக்கும் லிச்சவி குலத்து இளவரசி குமாரதேவிக்கும் திருமகனாய்த் தோன்றியவர் சமுத்திரகுப்த மகாராஜர். தந்தையார் சபையோர் நடுவே இவரை மார்புறத் தழுவி, கண்ணீர் மல்க, நிலவுலகைக் காக்கும் பொறுப்பை இவரிடம் ஒப்புவித்தார். ஒத்த பிறப்பினரான ஏனையோரின் முகங்கள் அப்போது வாடினவாம். கி.பி. 335 அளவில் அரியணை ஏறிய இவர், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அரசு புரிந்தார்.

இவருடைய வெற்றிகளைப் புலவரும் அமைச்சருமான ஹரிசேனர் வடமொழியில் பாடியருளினார். இன்று பிரயாகைக் கோட்டையில் நிற்கும் கற்றூணில் அப்பிரசஸ்தி பொறிக்கப்பெற்றுள்ளது. அத்தூணோ அசோகச் சக்கரவர்த்தியுடையது! கலிங்கப் போரின் கொடுமை கண்டு படையெடுப்பைத் துறந்தவரின் தூணிலே, களம் பல கண்டவரின் புகழும் இடம்பெற்ற விந்தையை என்னென்பது!

கங்கைச் சமவெளியிலும் அதன் அயலிலும் கணபதிநாகர், நாகசேனர், அச்சுதர் முதலான 9 அரசர்களை வேரோடு களைந்து, அவர்தம் நாடுகளைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். அங்கே இரக்கத்திற்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை; அதனை மறைப்பதற்கும் இல்லை.

தென்திசையிலோ அவர் நடந்துகொண்ட முறை வேறு. கோசலத்து மகேந்திரர், பிஷ்டபுரம் எனப்பட்ட பிட்டாபுரத்து மன்னர், வேங்கி நாட்டு ஹஸ்திவர்மர், காஞ்சி மாநகர்ப் பல்லவர் விஷ்ணுகோபர் உள்ளிட்ட 12 அரசர்களை வென்று சிறைப்பிடித்தார், பின்னர் விடுவித்தார், அவரவர் நாட்டை அவரவர்க்கே அளித்தருளினார். பாடலிபுத்திரத்திலிருந்து காஞ்சியை நேரே ஆளுதல் அரிது என்ற அரசியல் நுட்பமும் இதில் இருந்திருக்கும். ஆயினும், கைக்கு வந்த நாட்டைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

காமரூபம், நேபாளம் முதலிய எல்லைப்புற நாடுகள் கப்பம் கட்டின. திருமாலின் ஊர்தியாகிய கருடன் பொறித்த முத்திரையோடு கூடிய ஆணைகளை வேற்றரசர் வேண்டிப் பெற்றனர். அசுவமேத யாகம் இயற்றி, யாகக் குதிரையின் உருவம் தாங்கிய பொற்காசுகளை அச்சிட்டார். அந்தணர்க்கு இலட்சக்கணக்கான பசுக்களைத் தானம் செய்தவர் என்றும் அவரைக் கல்லெழுத்து போற்றுகிறது.

பரமபாகவதர் மரபினரேயாயினும் பிற சமயத்தாரிடம் அவர் பகை கொண்டிலர். இலங்கை வேந்தர் மேகவர்ணர் தூதனுப்பி, புத்தகயைக்கு வரும் சிங்களத் துறவியர் தங்க ஒரு விகாரம் எடுக்க இசைவு வேண்டினார். அதனை மனமுவந்து அளித்தார். போதிமரத்தின் அருகே அவ்விகாரம் எழுந்தது.

கவிராஜர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. வில்லேந்தியும், புலியொடு பொருதும் நிற்கும் கோலங்களைப் பொற்காசுகளில் பொறித்த அம்மன்னரே, மற்றொரு காசில் ஆசனத்தில் இனிதமர்ந்து, மடிமீது வீணையை வைத்து மீட்டிக்கொண்டிருக்கிறார்.