கம்பெனி கழற்றிவிட்டது... ஒற்றை கிட்டார் தூக்கிவிட்டது! ஜானி கேஷ் மீண்டு வந்த கதை

ஜானி கேஷின் பாடல்களை 28 ஆண்டுகளாக வெளியிட்டுவந்த கொலம்பியா ரெக்கார்ட்ஸ், 1986-ல் அவரைக் கழற்றிவிட்டது. அடுத்துச் சேர்ந்த மெர்குரி நிறுவனத்திலும் ஆல்பங்கள் எடுபடவில்லை. 60 வயதை நெருங்கியவரை, ‘அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு’ என்றே இசை உலகம் நினைத்தது.

யார் இந்த ஜானி கேஷ்?

1932-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாகாணத்தில், பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1955-ல் மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் மூலம் முதல் இசைத்தட்டு வந்தது. கறுப்பு உடையும் கனத்த குரலும் அவருடைய அடையாளம். 1968-ல் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்கே போய், கைதிகள் முன்னால் பாடிப் பதிவுசெய்த ஆல்பம் செம ஹிட்.

திருப்பம் எங்கே வந்தது?

1993-ல் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரைத் தேடி வந்தார். வயது 30. ரன் டிஎம்சி, ஸ்லேயர் என ராப், மெட்டல் குழுக்களோடு வேலை பார்த்தவர். கன்ட்ரி இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்!

புதுசா என்ன செய்தார்கள்?

எதையும் சேர்க்கவில்லை, இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். டிரம்ஸ் கிடையாது, கோரஸ் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸில் ரூபினின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஒரு கிட்டாரோடு கேஷ் பாடினார். டென்னசியில் உள்ள அவருடைய மரவீட்டிலும் பதிவு நடந்தது. இரண்டு பாடல்கள் மட்டும் ‘வைப்பர் ரூம்’ கிளப்பில், ரசிகர்கள் முன்னால் பாடியவை.

இப்படி உருவான 13 பாடல்களோடு ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ 1994 ஏப்ரலில் வெளியானது. விற்பனையில் சாதனை இல்லை. ஆனால் சிறந்த சமகால ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில், பேரன் வயது ரசிகர்கள் முன்னால் பாடினார்.

வானொலி என்ன செய்தது?

கண்டுகொள்ளவில்லை. 1996-ல் வந்த ‘அன்செயின்ட்’ ஆல்பத்தையும் கன்ட்ரி வானொலிகள் ஒதுக்கின. அதற்கே சிறந்த கன்ட்ரி ஆல்பம் கிராமி கிடைத்ததும், ‘பில்போர்டு’ இதழில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய போட்டோவோடு, கன்ட்ரி வானொலிகளுக்கு நன்றி!

கடைசி ஆண்டுகள்

1997-க்குப் பிறகு நரம்புக் கோளாறு உடலை முடக்கியது. குரல் நடுங்கியது. ரூபினோ அந்த நடுக்கத்தை மறைக்கவில்லை. 2002-ல் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ‘ஹர்ட்’ பாடலை கேஷ் பாடினார். அதன் வீடியோவில் தளர்ந்த கேஷும், பக்கத்தில் மனைவி ஜூன் கார்ட்டரும் தெரிவார்கள். 2003 மே மாதம் ஜூன் இறந்தார். நான்கே மாதத்தில், செப்டம்பர் 12 அன்று, 71 வயதில் கேஷும் போய்விட்டார்.

மனைவி இறந்த பிறகும் அவர் பதிவை நிறுத்தவில்லை. கடைசிக் காலப் பாடல்களைத் தொகுத்து 2006-ல் வெளியான ஆல்பம், பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தை அவர் கடைசியாகத் தொட்டது 1969-ல்.