ஆலிவர் ஹெவிசைடு

வானொலி நிலையத்தில் பெருக்கியிலிருந்து புறப்படும் மின்னாற்றல் கம்பி வழியே ஏரியலை அடைந்து, அலைகளாக வெளியிற் பரவுகின்றது. அவ்வாற்றல் இடையிலே திரும்பிவிடாதவாறு காக்கும் நெறியை ஆராய்ந்து கண்டவர்களுள் தலையாயவர் ஆலிவர் ஹெவிசைடு என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1850ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இலண்டன் மாநகரில் எளிய குடும்பத்திற் பிறந்தார். இளமையிற் கண்ட செங்காய்ச்சலால் இவருடைய செவிப்புலன் குன்றியது. பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பின்னர்த் தந்தி அலுவலில் அமர்ந்தார். 1874இல் அதனையும் விடுத்து, வீட்டிலிருந்தே ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். மாக்சுவெல் இயற்றிய அரிய மின்னியல் நூலை ஆசிரியர் துணையின்றித் தாமே பயின்று தெளிந்தார்.

மாறுமின்னோட்டத்தை ஒரு சுற்று எதிர்க்கும் அளவிற்கு 1886இல் இவர் 'இம்பீடன்ஸ்' எனப் பெயரிட்டார். தமிழில் அதனை மின்னெதிர்ப்பு என்பர். குளத்து அலை கரையில் மோதித் திரும்புவது போன்று, கம்பியிற் செல்லும் மின்னலையும் முனையில் மோதித் திரும்பக்கூடும். முனையிலுள்ள கருவியின் எதிர்ப்பு, கம்பிக்கு இயல்பாயுள்ள எதிர்ப்போடு ஒத்திருப்பின், அலை முழுவதும் கருவியைச் சேரும், திரும்புவது ஒன்றுமில்லை. இவ்வுண்மையை ஹெவிசைடு கணித வழியால் நிறுவினார்.

தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலை மிகுவித்தால், பேச்சு உருக்குலையாமல் நெடுந்தொலைவு செல்லும் என்றும் 1887இல் காட்டினார். தூண்டல் தீமையே தரும் என நம்பிய அஞ்சல் தந்தித்துறை உயர் அலுவலர் பிரீசு, இக்கருத்தை வன்மையாக எதிர்த்தார். ஹெவிசைடின் கட்டுரை வெளிவராமல் தடைப்பட்டது. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். கண்ட உண்மையை மறைத்தாருமல்லர். வேறோர் இதழில் தொடர்ந்து எழுதினார். பிற்காலத்தில் கம்பிகளில் சுருள்களைப் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பூப்பின் பெருஞ்செல்வம் அடைந்தார். வழிகாட்டிய ஹெவிசைடோ வறுமையிலேயே வாழ்ந்தார்.

ஆயினும் அறிவுலகம் அவரை மறந்துவிடவில்லை. 1891இல் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1922இல் பாரடே பதக்கம் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பெற்றது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார்.

இன்றும் பொறியாளர்கள் பெருக்கிக்கும் ஏரியலுக்கும் இடையே சுருளும் மின்தேக்கியும் கொண்ட இணக்கச் சுற்றை அமைக்கின்றனர். அஃதின்றேல், திரும்பிவரும் ஆற்றல் பெருக்கியையே பழுதாக்கிவிடும். அவ்வேலையில் அவர்கள் நாள்தோறும் வழங்கும் சொல், செவிப்புலன் குன்றிய அவ்வறிஞர் தந்த சொல்லேயாகும். தடைகளால் உண்மை காலந்தாழ்க்கலாம், அழிந்துபடுவதில்லை.