கோட்டை விட்டவர் கோப்பையை வென்றார்!

புதுச்சேரிச் சிறுவர்களுக்குக் கால்பந்து புதிது அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அல்லவா! உப்பளம் மைதானத்திலும் பந்து உருளும். கடலோர மணலிலும் உருளும்.

இரண்டு செருப்புகளைப் போட்டால் போதும். கோல் கம்பம் தயார்! ஆனால் அங்கே யார் நிற்பது என்பதில்தான் தகராறு. கோல் போட எல்லோருக்கும் ஆசை. கோல் காக்க யாருக்கும் ஆசை இல்லை.

கோல் கீப்பர் பாடு அப்படி. பத்துப் பந்தைப் பிடித்தால் பாராட்டு கொஞ்சம். ஒரு பந்தை விட்டால் திட்டு ஏராளம். அதனால் பல பையன்கள் பயந்துபோய்க் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்து உயரே வந்தாலும் அசைவதில்லை. எதிரி தனியாக ஓடி வந்தாலும் முன்னே போவதில்லை.

கோல் கீப்பர் கோட்டை விட்டு வெளியே வரலாம், வரவேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் லெவ் யாஷின். ரஷியாக்காரர். தொடக்கத்தில் அவரும் வெளியே வந்து, விழுந்து, ஊர் சிரிக்க நின்றவர்தான்.

சிறுவயதில் தொழிலாளி

யாஷின் 1929-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி மாஸ்கோ நகரில் பிறந்தார். ஏழைத் தொழிலாளர் குடும்பம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1941-ல் ஜெர்மனி ரஷியா மீது படையெடுத்தது. யாஷின் குடும்பம் மாஸ்கோவை விட்டு வெளியேறியது. பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன் போர்த் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 13 இருக்கும்.

இடைவிடாத உழைப்பு! 18 வயதில் உடலும் மனமும் சோர்ந்துவிட்டன. வேலையை விட்டார். பிறகு படையில் சேர்ந்தார். அங்கே கால்பந்து ஆடினார். நெட்டையான உருவம், நீண்ட கைகள்.

மாஸ்கோவின் பெரிய அணியான 'டைனமோ'வின் பயிற்சியாளர் செர்னிஷெவ் கண்ணில் அவர் பட்டார். இளைஞர் அணியில் இடம் கிடைத்தது.

கேலிச் சிரிப்பு

1950-ம் ஆண்டு. ஸ்டாலின்கிராடு அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். டைனமோவுக்கு யாஷின் கோல் கீப்பர்.

எதிர் அணியின் கோல் கீப்பர் தன் இடத்தில் இருந்தபடியே பந்தை ஓங்கி உதைத்தார். பந்து பறந்து வந்தது. யாஷின் அதைப் பிடிக்க வெளியே ஓடினார். அவருடைய கண் முழுவதும் பந்தின் மீதே இருந்தது. தன் அணியின் ஆட்டக்காரர் ஒருவரும் அதே பந்துக்கு ஓடிவருவதைக் கவனிக்கவில்லை.

மடார் என்று மோதல்! இருவரும் விழுந்தார்கள். பந்து துள்ளிக் கோலுக்குள் போய்விட்டது. ஒரு கோல் கீப்பர் உதைத்த பந்து இன்னொரு கோல் கீப்பரைத் தாண்டிக் கோல் ஆனது! பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

துன்பம் தனியாக வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பார்ட்டக் அணியுடன் லீக் ஆட்டம். டைனமோவின் புகழ்பெற்ற கோல் கீப்பர் கோமிச் காயம் அடைந்தார். அவருக்குப் பதிலாக யாஷின் இறங்கினார். வெளியே வந்தார். மறுபடியும் தன் அணி ஆட்டக்காரர் மீதே மோதினார். மறுபடியும் கோல்!

பிறகு முக்கிய அணியில் இடம் இல்லை. 1953 வரை காத்திருக்க நேர்ந்தது.

பனிக்கட்டி மீது

யாஷின் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. கோமிச் பயிற்சி செய்வதைக் கூர்ந்து பார்த்துக் கற்றார். குளிர்காலத்தில் பனிக்கட்டி மீது ஆடும் ஹாக்கியிலும் கோல் காத்தார். 1953-ல் அவருடைய ஹாக்கி அணி சோவியத் கோப்பையை வென்றது.

அதே ஆண்டு கால்பந்து அணியில் மீண்டும் இடம் கிடைத்தது. அவர் மாறிவிட்டாரா? கோட்டிலேயே நின்றாரா? இல்லை! முன்னைவிடத் துணிந்து வெளியே வந்தார். தேவைப்பட்டால் பெனால்டி எல்லையையும் தாண்டிப் போய்ப் பந்தைத் தலையால் முட்டினார். அப்போது டைனமோ பயிற்சியாளராக இருந்தவர் யாக்குஷின். அவர் யாஷினைத் தடுக்கவில்லை. அவருக்குத் துணை நின்றார்.

என்ன மர்மம்?

வெளியே வருவதில் என்ன லாபம்? கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. கோட்டிலேயே நின்றால் இரண்டு பக்கமும் வாசல் திறந்து கிடக்கும். பந்தோடு வருபவனை நோக்கி முன்னேறினால் வாசல் குறுகும். கண்ணருகே பிடித்த காசு நிலவையே மறைத்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

உயரமாக வரும் பந்துக்கும் இதுவே வழி. மற்றவர்கள் தலையால் முட்டவேண்டும். கோல் கீப்பர் மட்டும் கையை நீட்டலாம். முந்திப் போனால் பந்து அவருக்கே!

ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. போவதா, நிற்பதா என்று உடனே முடிவு செய்யவேண்டும். புறப்பட்டால் பாதியில் நிற்கக்கூடாது. உரக்கக் குரல் கொடுக்கவேண்டும். குரல் கேட்டதும் தன் ஆட்கள் வழிவிடுவார்கள். காலியான கோலைக் காக்கவும் ஓடுவார்கள்.

1950-ல் யாஷின் வெளியே வந்தது தவறு அல்ல. தன் ஆட்களோடு ஒத்துப் போகாமல் வந்ததே தவறு. பிற்காலத்தில் அவர் ஆட்டம் முழுவதும் தன் ஆட்களுக்குக் கட்டளை இட்டுக்கொண்டே இருப்பார். மைதானத்தில் கத்தல் அதிகம் என்று அவர் மனைவியே குறை சொன்னாராம்!

தங்கமும் கோப்பையும்

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஷியா தங்கப் பதக்கம் வென்றது. கோல் காத்தவர் யாஷின். அதே ஒலிம்பிக்கில் நம் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. அந்த அணியில் பீட்டர் தங்கராஜ் என்ற உயரமான வாலிபர் கோல் கீப்பராக இருந்தார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

1960-ல் பாரீஸ் நகரில் முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். யூகோஸ்லாவியாவை 2-1 என்று ரஷியா வென்றது. கருமையான உடையில் பாய்ந்து பிடித்த யாஷினுக்குக் 'கருப்புச் சிலந்தி' என்று பெயர் விழுந்தது.

மீண்டும் சறுக்கல்

1962 உலகக் கோப்பை சிலி நாட்டில் நடந்தது. கொலம்பியாவுடன் ஆடியபோது, மூலையில் இருந்து உதைத்த பந்து நேராகக் கோலுக்குள் போனது. அந்த ஆட்டம் 4-4 என்று முடிந்தது. பிறகு சிலியிடம் ரஷியா தோற்று வெளியேறியது. பழி யாஷின் தலையில் விழுந்தது. அவருடைய ஆட்டம் முடிந்தது என்று பலரும் பேசினார்கள். அவர் வயது 32.

யாஷின் மறுபடி எழுந்தார். 1963-ல் ரஷிய லீக்கில் 27 ஆட்டங்கள் ஆடினார். வாங்கிய கோல் ஆறே ஆறு! டைனமோ சாம்பியன் ஆனது. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய உலக அணிக்கும் அவர் கோல் காத்தார்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ந்தேதி. அதற்கு அடுத்த ஆண்டில் பிரான்சில் இருந்து யாஷினுக்கு ஒரு பெரும் பரிசு வந்தது. 'பலோன் தோர்' என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். தங்கப் பந்து! ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்பட்ட பரிசு அது. அதை வென்ற ஒரே கோல் கீப்பர் யாஷின்தான்.

கடைசி நாட்கள்

டைனமோ அணிக்காகவே அவர் கடைசிவரை ஆடினார். ஐந்து முறை லீக் பட்டமும், மூன்று முறை சோவியத் கோப்பையும் வென்றார். 1971 மே 27-ந்தேதி மாஸ்கோவில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம் நடந்தது. லட்சம் பேர் திரண்டார்கள்.

பிறகு நோய் வாட்டியது. இரத்தக் குழாய் அடைப்பால் ஒரு காலை எடுக்கவேண்டி வந்தது. 1990 மார்ச் 20-ந்தேதி யாஷின் காலமானார். வயது 60.

வெளியே வந்து ஒரு கோல் வாங்கிய பையனை, இனிமேல் நகராதே என்று கட்டிப்போடுவது எளிது. ஏன் தவறியது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, மறுநாளும் வெளியே அனுப்புவது கடினம். யாஷினுக்கு மூன்று ஆண்டு காத்திருப்பும், நம்பிக்கை வைத்த ஒரு பயிற்சியாளரும் தேவைப்பட்டன. 2019 முதல் உலகின் சிறந்த கோல் கீப்பருக்குத் தரப்படும் பரிசுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.