பெர்த்தா பென்ஸ் அம்மையார்

ஜெர்மனி நாட்டில், பொன்வேலைக்குப் பெயர்பெற்ற போர்ட்ஸ்ஹைம் நகரில், 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் பெர்த்தா ரிங்கர் என்னும் பெண்மகவு பிறந்தது. தந்தையார் தச்சுத்தொழிலில் தேர்ந்து, கட்டடங்கள் எழுப்பிப் பெரும்பொருள் ஈட்டியவர். பெர்த்தாவோ, கையில் காசில்லாத கார்ல் பென்ஸ் என்னும் பொறியறிஞரையே தம் துணைவராகத் தேர்ந்துகொண்டார். கார்லின் தொழிற்கூடம் கூட்டாளியினால் அல்லலுற்ற காலத்தில், அம்மையார் தமக்குரிய சீர்ப்பொருளைத் திருமணத்திற்கு முன்னரே பெற்று, அதனை மீட்கக் கொடுத்தார். 1872ஆம் ஆண்டில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது.

இல்லறம் தொடங்கிய பின்னும் வறுமை நீங்கவில்லை. மன்ஹைம் நகரில் கார்ல் அமைத்த புதிய எந்திரம், எத்துணை முறை முயன்றும் இயங்க மறுத்தது. 1879ஆம் ஆண்டின் இறுதி நாளன்று இரவு அவர் சோர்ந்து வீட்டில் அமர்ந்திருந்தார். உணவு முடிந்ததும், இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று அம்மையார் அவரைத் தொழிற்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். எந்திரத்தைச் சுழற்றிவிட்டனர், அது சீராக ஓசையிட்டு ஓடத் தொடங்கிற்று. இருவரும் ஒரு மணி நேரம் அசையாது நின்று அவ்வோசையைக் கேட்டனர். அவ்வேளையில் புத்தாண்டை அறிவிக்கும் மணிகள் நகரெங்கும் ஒலித்தன.

1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், குதிரையின்றி ஓடும் மூன்று சக்கர வண்டிக்குக் கார்ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆயினும் அதனை வாங்குவார் இலர். அவரோ வண்டியை மேலும் திருத்துவதிலேயே காலங்கழித்தார். நெடுந்தொலைவு ஓடிக் காட்டினாலன்றி உலகம் இதனை நம்பாது என்பதை அம்மையார் உணர்ந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒருநாள் விடியற்காலையில், கணவர் உறங்கிக்கொண்டிருக்கையிலேயே, 15 வயதினனான ஆய்கனையும் 13 வயதினனான ரிச்சர்டையும் உடன்கொண்டு அவர் புறப்பட்டார். வண்டியின் பின்புறத்திலுள்ள கனத்த சக்கரத்தைக் கையால் சுழற்றினாலன்றி எந்திரம் விழிக்காது. செல்லவேண்டிய இடம் பிறந்தகமாகிய போர்ட்ஸ்ஹைம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. குதிரை வண்டிகளுக்கென அமைந்த பாதைகளன்றி வேறு பாதை இல்லை. எண்ணெய் விற்கும் நிலையங்களும் அக்காலத்தில் ஏது? வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினர். குளிர்விக்கும் நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தமையால், நீர் கண்ட இடமெல்லாம் நிறுத்தி நிரப்பினர்.

ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது. இத்தகைய எந்திரம் ஓடாதாயின் முதற்கண் ஆராயத்தக்கவை இரண்டு: எண்ணெய் உள்ளே சென்று காற்றோடு கலக்கின்றதா என்பது ஒன்று, அக்கலவையைக் கொளுத்தும் மின்பொறி தோன்றுகின்றதா என்பது மற்றொன்று. பழைய கார்களைப் பழுதுபார்ப்போர் இன்றும் இவற்றையே முதலில் நோக்குவர். எண்ணெய் செல்லும் குழாயில் அடைப்பு இருப்பதை அம்மையார் கண்டார். தொப்பியைக் கூந்தலோடு பிணைத்திருந்த நீண்ட ஊசியை உருவி, அதனால் அடைப்பை நீக்கினார். பின்னர் மின்கம்பியின் மேலுறை தேய்ந்து, மின்சாரம் உரிய இடத்தை அடையாமல் போயிற்று. காலுறையை இறுக்கும் நாடாவைக் கழற்றி, தேய்ந்த இடத்தில் சுற்றினார். வண்டி மீண்டும் ஓடிற்று. பட்டறையில் கணவரின் அருகே நின்று கண்ட பழக்கமே அங்கே கைகொடுத்தது எனலாம்.

சங்கிலி பழுதுற்றபோது புரூக்சல் நகரத்துக் கொல்லர் அதனைச் செப்பனிட்டார். மேடுகளில் ஏறும் ஆற்றல் எந்திரத்திற்கு இல்லை. ஒருவர் ஓட்ட, ஏனைய இருவரும் தள்ளினர். இறக்கங்களில் வேறொரு தொல்லை நேர்ந்தது. தடையாக அமைந்த மரக்கட்டைகள் தேய்ந்துபோயின. பவுஷ்லோட் என்னும் சிற்றூரில், செருப்புத் தைப்பவரைக் கொண்டு அக்கட்டைகளில் தோலை அறைவித்தார் அம்மையார். தடைக்கட்டைக்கு மேற்பூச்சு அமைக்கும் வழக்கத்திற்கு அதுவே தொடக்கமாயிற்று.

பொழுது சாய்ந்தபின் போர்ட்ஸ்ஹைமை அடைந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாட்களுக்குப் பின் அவ்வண்டியிலேயே மன்ஹைம் திரும்பினார். வழியிற்கண்ட குறைகளைக் கேட்ட கார்ல், மேடேறுவதற்கென மற்றொரு பற்சக்கர அமைப்பைச் சேர்த்தார். அவ்வாண்டிலேயே மியூனிக் நகரில் நிகழ்ந்த பொருட்காட்சியில் அவ்வண்டி பொற்பதக்கம் பெற்றது.

கார்ல் 1929ஆம் ஆண்டில் மறைந்தார். அம்மையார், தம் 95ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், 1944 மே 5ஆம் நாளன்று, லாடன்பர்க் நகரில் உயிர்நீத்தார். அவர் சென்ற வழி 2008ஆம் ஆண்டில் நினைவுப் பாதையாக ஏற்கப்பட்டது. வீஸ்லோக் நகரின் மருந்துக்கடை முன்னே, அப்பயணத்தை நினைவூட்டும் சின்னம் ஒன்று நிற்கின்றது.