கோடிங் எழுதும் முன் தேடிப் பார்க்கச் சொன்ன சென்னை நூலகர்! யார் இந்த ரங்கநாதன்?

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியர்களுக்கு இது பழகிய தலைவலி. இரண்டு வாரம் உட்கார்ந்து கோடிங் எழுதி முடித்த பிறகுதான், பக்கத்து டீம் அதையே போன வருஷமே எழுதி வைத்திருப்பது தெரியவரும். கோடிங் இருந்தது, ஆனால் எந்தப் பெயரில், எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இந்தச் சிக்கலுக்கான ஒரு விடையின் வேர், புத்தக அலமாரிகளுக்கு நடுவே வாழ்ந்த சென்னை நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதனிடம் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆன கதை

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார் ஆனார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலை கிடைத்தது. சம்பளம் கூடுதல்தான், ஆனால் வேலை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்பது ஏற்பாடு. அவர் மட்டும் அன்றே வகுப்பறைக்குத் திரும்பியிருந்தால் மீதிக் கதையே இல்லை.

பொம்மைக் கடையில் என்ன நடந்தது?

அப்போது உலகம் முழுக்க பிரபலமாக இருந்தது டூயி தசமப் பகுப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே எண் போட்டு வைத்திருக்கும் பட்டியல் அது. புதிதாக ஒரு பாடம் வந்தால் எங்காவது ஓரத்தில் திணிக்க வேண்டியதுதான். இது ரங்கநாதனை உறுத்திக்கொண்டே இருந்தது.

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள்தான். மாற்றி மாட்டினால் கிரேன், இன்னொரு விதமாக மாட்டினால் வண்டி. பாடங்களையும் இப்படி உறுப்புகளாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. பட்டைகள் பாடத்தின் உறுப்புகள், திருகாணி முக்காற்புள்ளி. 1925-ல் ஊர் திரும்பும் கப்பலில் இருந்த சின்ன நூலகத்தையே இந்த முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம்! 1933-ல் வெளியானது 'கோலன் பகுப்பு முறை'.

ஒரு உதாரணம் பார்ப்போம். இந்தியாவில் 1950-ல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி. இப்படி ஒரு புத்தகத்துக்குத் தயார் எண் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ரங்கநாதன் முறையில் மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று ஏற்கெனவே இருக்கும் துண்டுகளை வரிசையாகக் கோத்தால் போதும். இந்தியாவுக்கான 44 என்ற எண், வரலாற்றுப் புத்தகத்திலும் இதே 44-தான்.

இன்னொன்றும் சொன்னார். முதலில் கருத்தளவில் பாடத்தைப் பிரிக்க வேண்டும், பிறகு அதற்குச் சொல், கடைசியில்தான் எண். சாஃப்ட்வேர்காரர்கள் ஆர்க்கிடெக்சர் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவசரப்பட்டு எண்ணில் ஆரம்பித்தால், பின்னால் எல்லாவற்றையும் பிரித்து மாட்ட வேண்டி வரும்.

கணக்கு வகுப்புக்கு அவர் திரும்பவே இல்லை. 1936-ல் சேப்பாக்கத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. 1945-ல் சென்னையை விட்டுக் கிளம்பியவர் காசி, டெல்லி என்று போய், கடைசியில் பெங்களூருவில் 1972-ல் காலமானார்.

சரி, கோடிங்குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து, 1987-ல் ரூபன் பிரியட்டோ டியாஸ், பீட்டர் ஃப்ரீமன் ஆகிய இருவர் ஐ.இ.இ.இ. சாஃப்ட்வேர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எழுதி முடித்த கோடிங்கை மறுபடி பயன்படுத்த எப்படி வகைப்படுத்துவது என்பதுதான் கேள்வி. அவர்கள் கையில் எடுத்தது நூலகங்களின் இந்தக் கூறு முறையை. ஒவ்வொரு கோடிங் துண்டுக்கும் என்ன செய்கிறது, எதன் மீது செய்கிறது, எந்த மாதிரி சிஸ்டம், எந்தத் துறை என்று ஆறு கூறுகள். தேடியது அச்சு அசலாகக் கிடைக்காவிட்டாலும், அதற்கு மிக நெருக்கமானது எது, அதைத் திருத்த எவ்வளவு உழைப்பு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வழியும் அதில் இருந்தது.